வாடகை திசை மாறிய கடற்கரை

திரு.வி.க. பாலத்தின் மேல் நெரிசலில் வண்டி நிற்கும்போது கடல் பக்கம் திரும்பிப் பார்த்தால், அடையாற்றின் வடகரையில் குயிபிள் தீவு தெரியும். கல்லறைத் தோட்டமும் குடியிருப்புகளுமாக இருக்கும் அந்தத் துண்டு நிலத்தை ஒட்டி, 1746ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு சண்டை நடந்தது. ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கானின் மகன் மாஃபூஸ் கான் ஏறத்தாழ பத்தாயிரம் பேருடன் வடகரையில் நின்றார். புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுக் கம்பெனிப் படையில் சிப்பாய்கள் எழுநூறு பேர், ஐரோப்பியர் சில நூறு பேர். தலைமை தாங்கியவர் பாரடிஸ் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். அவருடைய ஆட்கள் ஆற்றில் இறங்கி நடந்து கரையேறினார்கள்; ஒருமுறை சேர்ந்தாற்போல் சுட்டுவிட்டு, துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்தார்கள். நவாபின் படை சாந்தோம் தெருக்களுக்குள் சிதறி ஓடியது.

பயிற்சி பெற்ற சிறு படை, பயிற்சியில்லாத பெரும் படையை வென்ற முதல் சம்பவம் என்று வரலாற்று நூல்கள் இதைச் சொல்லும். சரிதான். ஆனால் அந்தச் சண்டை எதற்காக நடந்தது என்பதில்தான் எனக்கு அக்கறை. அதற்கு முந்தைய மாதம் பிரெஞ்சுக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்திருந்தார்கள். பிடித்ததும் நவாபிடம் ஒப்படைப்பதாகப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே வாக்குக் கொடுத்திருந்தார், ஒப்படைக்கவில்லை. கோட்டை நின்ற மண் நவாபின் ஆட்சிக்கு உட்பட்டது. அதில் குடியிருந்த இரண்டு வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டன. நிலத்துக்காரர் வந்து காலி செய்யச் சொன்னார், அடி வாங்கித் திரும்பினார். இரண்டு ஆண்டு கழித்து ஐரோப்பாவில் கையெழுத்தான எக்ஸ்-லா-ஷபெல் உடன்படிக்கையில் சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்பியது. அதற்கு ஈடாக பிரான்சுக்குக் கிடைத்தது வட அமெரிக்காவிலிருந்த லூயிபூர் கோட்டை. இந்தப் பண்டமாற்றில் நவாபை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு நாட்டின் மண்ணில் இன்னொரு நாட்டின் படைத்தளம் என்றால் இன்று நமக்கு நினைவுக்கு வருவது டீகோ கார்சியா, ஒக்கினாவா, ஜிபூட்டி. கப்பல் பாதை, விமானம் பறக்கும் தூரம், ரேடார் என்று வரைபடத்தை விரித்து வைத்துப் பேசுவார்கள். அவை முக்கியம்தான். ஆனால் மயிலாப்பூர்க் கரையிலிருந்து சேப்பாக்கம் வரையிலான சில மைல் தூரத்துக்குள் நடந்ததைக் கணக்குப் புத்தகமாகப் படித்தால், வேறு இரண்டு கேள்விகள் முன்னே வந்து நிற்கின்றன. அந்தப் படையின் சம்பளம் யார் பணம்? அந்தப் பணத்தை ஊரில் வசூலிப்பது யார்?

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. அலை முறியும் இடத்தைத் தாண்டி நிற்கும் கப்பலிலிருந்து மசூலா படகில் ஏறி, நனைந்துகொண்டே கரை சேர வேண்டும். கடற்படைத் தளத்துக்கு இதைவிடப் பொருத்தமற்ற இடத்தை யோசிப்பது கடினம். 1639 ஆகஸ்ட் 22 அன்று தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடமிருந்து பிரான்சிஸ் டே இந்த மணல்மேட்டைப் பெற்றது போருக்காக அல்ல, துணிக்காக. பேச்சுவார்த்தைக்குத் துபாஷியாக பேரி திம்மப்பா இருந்தார். கோட்டை கட்டலாம், நாணயம் அடிக்கலாம், சுங்கத்தில் பாதி எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. நாயக்கருக்கும் அதில் லாபம் இருந்தது: வியாபாரம் பெருகும், குதிரைகள் கிடைக்கும், ஆபத்து வந்தால் ஒதுங்க ஒரு கோட்டையும் இருக்கும். இடம் கொடுக்கிறவர்கள் எப்போதும் ஏமாளிகள் என்று நினைப்பது தவறு. அவர்களும் கணக்குப் போட்டுத்தான் கொடுக்கிறார்கள்.

பக்கத்தில் சாந்தோமில் போர்த்துக்கீசியர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் குடியிருந்தார்கள். 1662இல் கோல்கொண்டா சுல்தானின் படை சாந்தோமைப் பிடித்தது. பத்து ஆண்டு கழித்து, 1672இல், அட்மிரல் தெ லா ஹே தலைமையில் வந்த பிரெஞ்சுக் கப்பற்படை அதைப் பறித்துக்கொண்டது. கோல்கொண்டா விடவில்லை. தரையில் தன் படையும் கடலில் டச்சுக் கப்பல்களுமாக முற்றுகையிட்டு, 1674இல் பிரெஞ்சுக்காரரை வெளியேற்றியது. இங்கிருந்து போனவர்கள்தான் புதுச்சேரியில் ஊன்றினார்கள். ஆக, 1674இல் நிலத்துக்காரரால் வேண்டாத விருந்தாளியை வெளியேற்ற முடிந்தது, ஒரு ஐரோப்பியக் கடற்படையின் தயவோடு. எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே சாந்தோம் வாசலில் அது முடியாமல் போயிற்று.

அதே 1672ஆம் ஆண்டு கோல்கொண்டா அதிகாரி நெக்னாம் கான், ஆங்கிலக் கம்பெனிக்கு ஒரு கவுல், அதாவது உரிமைப் பத்திரம், கொடுத்தார். சென்னைக்காக ஆண்டுக்கு 1,200 வராகன் கட்ட வேண்டும், கூடுதலாக எதுவும் கேட்கப்படாது. தி. நகரில் இன்று பதினோரு மாத ஒப்பந்தம் போட்டு, முடியும்போது வாடகையை ஏற்றிக் கேட்கும் வீட்டுக்காரர்கள் இந்தக் கவுலைப் படித்தால் சிரிப்பார்கள். ஆனாலும் அது வாடகை. கோல்கொண்டா போய் முகலாயர் வந்த பிறகும், முகலாயர் பேரில் ஆர்க்காட்டு நவாப்கள் ஆண்டபோதும், அந்தத் தொகை ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தது: நீங்கள் இங்கே குடித்தனக்காரர்.

அடையாற்றுச் சண்டைக்குப் பிறகு பத்து ஆண்டுக்குள் அந்த வாக்கியம் தலைகீழாகியது. 1749இல் ஆம்பூர்ச் சண்டையில் அன்வருதீன் கொல்லப்பட்டார். அவருடைய இன்னொரு மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். பிரெஞ்சுக்காரர் நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப் பக்கம், ஆங்கிலேயர் முகமது அலி பக்கம். அதே ஆண்டில் ஆங்கிலேயர் மயிலாப்பூரையும் சாந்தோமையும் தங்கள் வசமாக்கிக்கொண்டார்கள். கம்பெனிப் படை இல்லாவிட்டால் முகமது அலிக்கு நவாப் பட்டம் இல்லை. அதை அவரும் அறிவார், கம்பெனியும் அறியும். 1750களின் தொடக்கத்தில் அவர் 1,200 வராகன் வாடகையைத் தள்ளுபடி செய்தார். அதோடு, தமக்காகப் போரிடும் கம்பெனிப் படையின் செலவு தம் பற்றில் எழுதப்படுவதையும் ஒப்புக்கொண்டார்.

வாடகை நின்ற அதே காலத்தில் பற்றுக் கணக்கு தொடங்கியது. என் வாசிப்பில், சென்னை ராஜதானியின் வரலாற்றில் பிளாசியைவிட, வந்தவாசியைவிட இதுதான் பெரிய திருப்பம். துப்பாக்கிச் சத்தம் இல்லாததால் யாரும் இதற்கு நினைவுத்தூண் வைக்கவில்லை.

கணக்கு எப்படி வளர்ந்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கம்பெனி படைச் செலவைக் கேட்கும். நவாபிடம் ரொக்கம் இருக்காது. நில வரி அறுவடைக்குப் பின்தான் வரும். கம்பெனியின் ஊழியர்களே தனிப்பட்ட முறையில் அவருக்குக் கடன் கொடுப்பார்கள், ஆண்டுக்கு இருபது, முப்பது சதவீதத்துக்கு மேலும் வட்டி வைத்து. அந்தப் பணம் ஒரு கையால் நவாபிடம் போய், மறு கையால் கம்பெனிக் கஜானாவுக்கு வரும். ஈடாக அவர் ஏதாவதொரு சீமையின் வரி வசூலைக் கடன்காரர் பேருக்கு எழுதிக் கொடுப்பார். கடன்காரர் ஆட்களை அனுப்பி, களத்தில் நெல்லைத் தூற்றும்போதே வந்து நிற்பார். கடன் கொடுத்தவரும், கடனை அடைக்கும்படி அரசுத்தரப்பில் நெருக்குகிறவரும், அந்த நெருக்கடியைப் பற்றி லண்டனுக்கு அறிக்கை எழுதுகிறவரும் கோட்டைக்குள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

1763இல் படைச் செலவுக்காகச் செங்கற்பட்டுச் சீமையையே ஜாகிராக, அதாவது வருவாய் மானியமாக, கம்பெனிக்குக் கொடுத்தார் நவாப். இன்றைய தென்சென்னையின் பெரும்பகுதி அந்த ஜாகிர் மண். மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது 1920களில்தான். நவாப் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் ஏரியும் வயலும். ஜாகிர் கொடுத்த பிறகு நவாபே அதைக் கம்பெனியிடம் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். தன் நிலத்துக்குத் தானே குத்தகைதாரர். இதைவிடத் தெளிவான ஒரு படத்தை எந்தக் கார்ட்டூனிஸ்ட்டும் வரைந்துவிட முடியாது.

அவர் கோட்டைக்குள்ளேயே ஒரு அரண்மனை கட்டிக்கொள்ள விரும்பினார். அது நடக்கவில்லை, 1768இல் சேப்பாக்கத்தில், கோட்டைக்குப் பக்கத்திலேயே, கட்டிக்கொண்டார். பாதுகாப்புக்காக என்றார்கள். யாரிடமிருந்து பாதுகாப்பு என்பது போகப்போகத் தெரிந்தது. அரண்மனையைக் கட்டியதாகச் சொல்லப்படும் பால் பென்ஃபீல்ட் என்ற கம்பெனி ஊழியருக்குச் சம்பளம் சில நூறு பவுன். 1776இல் அவர், தஞ்சாவூர் வருவாயிலிருந்து நவாப் தமக்கு எழுதிக் கொடுத்ததாகக் கேட்ட தொகை ஒன்றரை லட்சம் பவுனுக்கு மேல்.

தஞ்சாவூர் எங்கே வந்தது என்று கேட்கலாம். கடன் அடைக்க நவாபுக்குப் புதிய வருவாய் தேவைப்பட்டது. 1773இல் கம்பெனிப் படையை வைத்துத் தஞ்சையைப் பிடித்தார். லண்டன் அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி லார்ட் பிகட்டை ஆளுநராக அனுப்பியது. அவர் திருப்பிக் கொடுத்தார். தஞ்சை நெல்லை நம்பிக் கடன் கொடுத்திருந்த கவுன்சில் உறுப்பினர்கள் பெரும்பான்மையாகச் சேர்ந்து, 1776 ஆகஸ்ட் 24 அன்று தங்கள் ஆளுநரையே கைது செய்து பரங்கிமலையில் காவலில் வைத்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் காவலிலேயே பிகட் இறந்தார். இடம் கொடுத்தவரின் கடன், குடிவந்தவரின் அரசாங்கத்தையும் கவிழ்க்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். கடன்காரர்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் இடம் பிடித்தார்கள். 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் பேசிய புகழ்பெற்ற உரை முழுக்க முழுக்க ஆர்க்காட்டு நவாபின் கடனைப் பற்றியதுதான்.

இந்தப் படையில் இருந்தவர்கள் யார்? அதிகாரிகள் வெளிநாட்டவர். சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்த மண்ணின் ஆட்கள்தான். தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும். மருதநாயகம் என்று நாம் நினைவில் வைத்திருக்கும் யூசுப் கான் கம்பெனிச் சிப்பாய்களின் தளபதி. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, வெளியே இருந்துகொண்டு பிரெஞ்சுப் படையின் தானிய வழிகளை அறுத்தவர். பிறகு மதுரைச் சீமையின் வரி வசூலுக்கு அனுப்பப்பட்டார். கம்பெனியின் தளபதியா, நவாபின் குத்தகைதாரரா என்ற கேள்வியில் சிக்கிக்கொண்டார். 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். வெளிநாட்டுத் தளம் என்றால் வெளிநாட்டு ஆட்கள் நிறைந்த இடம் என்று கற்பனை செய்துகொள்கிறோம். உள்ளே நிற்பவர் நம்மூர்க்காரர், சம்பளம் நம்மூர் வரி, கட்டளை மட்டும் வெளியூர் என்பதுதான் இங்கே நடந்தது.

1787இல் ஆளுநர் கேம்பெல் போட்ட உடன்படிக்கையும், அதைத் திருத்தி 1792 ஜூலையில் கார்ன்வாலிஸ் போட்ட உடன்படிக்கையும் இந்த ஏற்பாட்டுக்கு இறுதி வடிவம் கொடுத்தன. 1792இன்படி அமைதிக் காலத்தில் படைச் செலவுக்கு ஆண்டுக்கு 9 லட்சம் வராகன்; அன்றைய மதிப்பில் 31 லட்சம் ரூபாய்க்கு மேல். கடன்காரருக்கு இன்னும் 6 லட்சத்துக்கு மேல். போர் வந்தால் நாடு முழுவதன் நிர்வாகமும் கம்பெனியிடம் போகும். வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு நவாபுக்கு. கம்பெனியின் சம்மதமில்லாமல் வேறு எந்த அரசோடும் அவர் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளக் கூடாது. கம்பெனி நவாபுக்குக் கட்டிவந்தது 1,200 வராகன். நவாப் கம்பெனிக்குக் கட்டவேண்டியதாகிப்போனது அதைப்போல் எழுநூற்று ஐம்பது மடங்கு.

இந்த உடன்படிக்கையில் இன்னொரு ஷரத்து. பாளையக்காரர்களின் கப்பத்தை இனிக் கம்பெனியே நேராக வசூலித்து, நவாபின் பாக்கியில் கழித்துக்கொள்ளும். 1959இல் வந்த படத்தால் ஜாக்சன் துரையும் கட்டபொம்மனும் நேருக்கு நேர் நிற்கும் காட்சி தமிழர் நினைவில் கல்வெட்டாகிவிட்டது. வெள்ளைக்காரன் ஏன் பாஞ்சாலங்குறிச்சியில் வந்து வரி கேட்டான் என்று கேட்டால் பலர் ‘பேராசை’ என்பார்கள். சட்டப்படி கேட்டால், அது படைத்தளத்தின் பில். கோட்டைப் பட்டாளத்தின் சம்பளப் பாக்கி, சேப்பாக்கம் வழியாகச் சுற்றி, கரிசல் காட்டில் கட்டபொம்மன் வாசலில் போய் நின்றது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

உள்ளூர் அரசரின் செலவில் கம்பெனிப் படையை நிறுத்தும் துணைப்படைத் திட்டத்தை, பள்ளிப் பாடத்தில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் கண்டுபிடிப்பாகப் படித்தோம். 1798இல் ஐதராபாத் நிஜாம் அதில் முதலில் கையெழுத்திட்டார் என்று தேர்விலும் எழுதினோம். சேப்பாக்கத்துக் கணக்கைப் பார்த்த பிறகு அந்தப் பாராட்டை அவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. இங்கும், வடக்கே அவத்திலும் பல ஆண்டுகள் ஓடிப் பழகிய வண்டிக்கு அவர் பெயர்ப்பலகை மாட்டினார், அவ்வளவே.

முடிவு 1801இல் வந்தது. முகமது அலியின் மகன் உம்தத் உல் உமரா சேப்பாக்கத்தில் சாகக் கிடந்தார். கம்பெனிப் படை அரண்மனை வாசல்களில் காவல் போட்டது. அந்தக் குடும்பத்தின் கஜானாவில் ஐம்பது ஆண்டு சம்பளம் வாங்கிய படை. திப்புவோடு நவாப்கள் இரகசியக் கடிதம் எழுதியதாக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்த தாள்களைக் காட்டினார்கள். உம்தத் இறந்ததும் அவருடைய மகன் அலி உசேன் ஆட்சியை எழுதிக் கொடுக்க மறுத்தார். சம்மதித்த உறவினர் அசீம் உத் தௌலாவை நவாப் ஆக்கி, ஜூலை 31இல், அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆர்க்காட்டு நவாபின் நாட்டு ஆட்சியை வாங்கிக்கொண்டார்கள். நவாபுக்கு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. பிறகு கடன்பத்திரங்களைச் சரிபார்க்க ஒரு ஆணையம் அமைத்தார்கள். அது முடிக்க இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. கோரப்பட்ட தொகை சுமார் 3 கோடி பவுன். நியாயமானது என்று ஏற்கப்பட்டது சுமார் 27 லட்சம். பத்தில் ஒரு பங்குகூட உண்மையான கடன் இல்லை. அந்தப் பொய்க் கடனின் பேரில் ஒரு நாடு கை மாறியிருந்தது.

இனி வரைபடத்தை விரிக்கலாம். துறைமுகமே இல்லாத இந்தத் தளம் என்னென்ன செய்தது? 1762இல் மணிலாவைப் பிடிக்கச் சென்ற படை இங்கிருந்துதான் கப்பலேறியது. 1795இல் டச்சுக்காரரிடமிருந்து திருகோணமலையைப் பறித்த படையும் இங்கிருந்துதான் போனது. 1810இல் மொரீஷியஸைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து எடுத்ததில் சென்னைப் படைக்குப் பங்கு உண்டு. அடுத்த ஆண்டு ஜாவா. மணிலாவோடும் மொரீஷியஸோடும் ஆர்க்காட்டுக்கு என்ன பகை? தளத்தின் முழுப் பொருள் இதுதான்: ஓரிடத்தில் காசு, வேறிடத்தில் போர். அந்தப் போரின் பதிலடி மட்டும் சில சமயம் காசு கொடுத்த இடத்தையே தேடி வரும். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. ஜெர்மனிக்கும் சென்னைக்காரனுக்கும் தகராறு ஏதும் இல்லை. நமக்கு அதில் மிஞ்சியது கில்லாடிகளை ‘சரியான எம்டன்’ என்று சொல்லும் ஒரு வழக்கு.

திருகோணமலையும் மொரீஷியஸும் அதோடு முடிந்துபோன பெயர்கள் அல்ல. இலங்கை சுதந்திரம் பெறுவதற்குச் சில மாதம் முன்பு, 1947 நவம்பரில், பிரிட்டனோடு ஒரு பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. திருகோணமலையில் கடற்படையும் கட்டுநாயக்கவில் விமானப்படையும் தொடர்ந்தன. பிரதமர் சேனநாயக்க இதை இந்தியா மீதிருந்த அச்சத்தில் விரும்பிச் செய்தார் என்பதை மறைக்கத் தேவையில்லை. 1956இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்க வெளியேறச் சொன்னார். 1957 அக்டோபரில் திருகோணமலையும் நவம்பரில் கட்டுநாயக்கவும் திரும்பக் கிடைத்தன. ஒரு குண்டு வெடிக்கவில்லை. முகமது அலிக்கு முடியாதது பண்டாரநாயக்கவுக்கு எப்படி முடிந்தது? சூயஸ் தோல்விக்குப் பின் பிரிட்டன் பலவீனப்பட்டிருந்தது ஒரு காரணம். இலங்கையின் வரியை இலங்கை அரசே வசூலித்தது, எந்த மாவட்டமும் யாருக்கும் ஈடு வைக்கப்படவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஜப்பான் தன் மண்ணிலுள்ள அமெரிக்கப் படைக்காக 2022 முதல் ஐந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் கோடி யென் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஜிபூட்டியில் அதற்கு எதிர்த்திசை: அமெரிக்கா ஆண்டுக்குச் சுமார் 6.3 கோடி டாலர் வாடகை கட்டுகிறது. ஒரே ஊரில் அமெரிக்காவும் பிரான்சும் ஜப்பானும் சீனாவும் தளம் வைத்திருக்கின்றன. படைச் செலவைக் கொடுப்பதாலேயே ஜப்பான் ஆர்க்காடு ஆகிவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தொகையை அதன் நாடாளுமன்றம் விவாதித்து வாக்களித்துக் கொடுக்கிறது. ஒக்கினாவாவில் மறியலும் நடக்கிறது. பணம் எந்தப் பக்கம் போகிறது என்பது முதல் அறிகுறி மட்டுமே. வரி வசூலிக்கும் உரிமை கை மாறும்போதுதான் நோய் முற்றுகிறது.

நம் பக்கத்துக் கணக்கையும் சொல்ல வேண்டும். 1987 ஜூலை ஒப்பந்தத்தோடு இணைந்த கடிதங்களில், திருகோணமலையை இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் படைப் பயன்பாட்டுக்கும் கொடுப்பதில்லை என்று இலங்கை எழுதிக் கொடுத்தது. அந்த ஒப்பந்தத்தின் பேரில் போன இந்திய அமைதிப்படையும் அந்த மண்ணுக்கு ஒரு வெளிநாட்டுப் படைதான். இலங்கை ஜனாதிபதி பிரேமதாசா வெளியேறச் சொன்னார். புலிகளும் அதையே சொன்னார்கள். 1990 மார்ச்சில் கடைசி வீரர்கள் திருகோணமலையிலிருந்து கப்பலேறி வந்தபோது, சென்னையில் அவர்களை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பலி கொடுத்து வந்த படைக்கு அது அவமானம் என்று சிலர் சினந்தார்கள். அங்கே இறந்த தமிழருக்கு யார் பதில் சொல்வது என்று மற்றவர்கள் கேட்டார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. இந்தக் கணக்கில் இடம் கொடுத்த பக்கமே நின்ற நமக்கு, போன பக்கம் நின்ற அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றிப் பேசுவது இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மொரீஷியஸோடு சேர்ந்து பிரிட்டன் கைக்குப் போனவை சாகோஸ் தீவுகள். மொரீஷியஸுக்குச் சுதந்திரம் கொடுக்கும் முன், 1965இல், அவற்றைப் பிரித்து எடுத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு டீகோ கார்சியாவை அமெரிக்காவுக்கு ஒதுக்கியது பிரிட்டன். வாடகை இல்லை, போலாரிஸ் ஏவுகணை விலையில் 1.4 கோடி டாலர் கழிவு. 1968க்கும் 1973க்கும் இடையில் தீவு மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். இடம் கொடுப்பவரே இல்லாத தளம் என்பதால் ‘போ’ என்று சொல்லவும் அங்கே ஆளில்லை. 2021 அக்டோபரில் படகு பழுதாகி அங்கே கரை சேர்ந்த இலங்கைத் தமிழர் பல பத்துப் பேர், வேலியிட்ட கூடார முகாமில் மூன்று ஆண்டு கிடந்தார்கள். அவர்களை அடைத்து வைத்தது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2024 டிசம்பரில் அந்த ஆட்சிப்பகுதியின் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. 2025 மே 22 அன்று தீவுகளின் இறைமையை மொரீஷியஸுக்கு ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கையில் பிரிட்டன் கையெழுத்திட்டது. டீகோ கார்சியாவுக்கு 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டுக்குச் சராசரி 10.1 கோடி பவுன் வாடகை. அறுபது ஆண்டு கழித்து, வாடகை சரியான திசையில் ஓட வேண்டும் என்றாவது தாளில் எழுதப்பட்டது.

சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் 2022 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கக் கடற்படையின் துணைக் கப்பல் சார்லஸ் ட்ரூ பழுதுபார்ப்புக்கு வந்தது. இந்தியாவில் இப்படி நடந்தது அதுவே முதல்முறை. ஒன்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 16 அன்று, 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன ஹம்பந்தோட்டையில் சீனாவின் யுவான் வாங் 5 என்ற கப்பல் வந்து நின்றது. டெல்லி அந்தச் சீனக் கப்பலைப் பற்றி உரக்கக் கவலைப்பட்டது. இரண்டும் ஒன்றா? ஒன்றல்ல. காட்டுப்பள்ளியில் வந்த கப்பல் பில்லைக் கட்டிவிட்டுப் போனது. தளமும் இல்லை, குத்தகையும் இல்லை. 2016இல் அமெரிக்காவோடு செய்துகொண்ட தளவாட உடன்படிக்கையும் இரு பக்கத்துக்கும் எரிபொருள், பழுதுபார்ப்பு வசதி தருவதுதான். படை நிறுத்த அதில் இடமில்லை. ஹம்பந்தோட்டையிலும் சீனப் படை இல்லைதான், ஆனால் துறைமுகமே கடனில் நசுங்கிய அரசின் கையிலிருந்து நழுவியது. சேப்பாக்கத்துக் கணக்கைப் படித்தவருக்கு அந்த நிலைமை தெரிந்த முகமாக இருக்கும். அதே கண்ணோடு காட்டுப்பள்ளியின் அடுத்தடுத்த ஒப்பந்தங்களையும் நாம் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். படிக்கக் கிடைக்கும்படி கேட்கவும் வேண்டும்.

1855இல் வாரிசில்லாமல் கடைசி நவாப் இறந்தார். சேப்பாக்கம் அரண்மனையைக் கடனுக்காக 1859இல் ஏலம் விட்டார்கள், அரசாங்கமே வாங்கிக்கொண்டது. அங்கே இன்றும் அரசு அலுவலகங்கள் இருக்கின்றன. குடும்பத்துக்கு ஆர்க்காட்டு இளவரசர் என்ற பட்டமும் பரம்பரை ஓய்வூதியமும் ராயப்பேட்டையில் அமீர் மகாலும் கிடைத்தன. 1971இல் இந்திரா காந்தி மன்னர் மானியத்தை ஒழித்தபோது இந்த ஓய்வூதியம் ஒழியவில்லை. அது மானியமல்ல, உடன்படிக்கைப் பாக்கி. பட்டாளச் சம்பளத்தில் தொடங்கிய அந்தக் கணக்கின் தவணை, மத்திய அரசின் கருவூலத்திலிருந்து இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.